பத்துப் பேருக்குக் குறைந்தால்

எங்கள் ஊரில் விடியற்காலை மூன்றரை மணியிலிருந்து எட்டரை மணிவரைக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எல்லாரும் சாமந்திக் காட்டில் இருப்பார்கள். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பூப்பறித்து, மூட்டை கட்டி, மார்க்கெட் வண்டிக்கு ஏற்றிவிட வேண்டும். வெயில் பட்ட பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூ இல்லாத மாதங்களில் தக்காளி பறிக்கப் போவார்கள். எதுவானாலும் அந்த ஐந்து மணி நேரம் ஊர் பிள்ளைகள் கையில்தான். எழுந்து, பல் விளக்கி, ராத்திரி ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போவது அவர்கள் பொறுப்பு.

நான் காட்டுக்குப் போவதில்லை. சர்ச் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு பூசை பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரே மகள், நாலாவது படிக்கிறாள். ஊரில் எனக்கு டைலரக்கா என்று பெயர். கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு, அதை என் எதிரில் சொல்ல மாட்டார்கள். நான் செய்த நல்ல காரியங்களை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கோபத்தில் செய்ததுதான். இதுவும் அப்படி ஆரம்பித்ததுதான்.

பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். தெருவைத் தாண்டினால் ஏரிக்கரை, அப்புறம் வீடே இல்லாத தைலமரத் தோப்பு, அப்புறம் பாலக்கோடு போகிற மெயின் ரோடு. அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். காலை நேரத்தில் தக்காளி வண்டிகள் மார்க்கெட்டுக்குப் பறக்கும். போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில், மூன்றாவது படிக்கிற ஒரு பிள்ளையின் புத்தகப் பை மினி லாரியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டி, பிள்ளையையும் இரண்டு அடி இழுத்துவிட்டது. ஆண்டவர் கிருபை, முழங்கால் சிராய்ப்போடு போனது. மறுநாளே ஹெச்.எம். சார் பெற்றோர்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தினமும் பெரியவங்க ஒருத்தர் கூட நடந்து வந்தா போதும். எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணா வந்துட்டு ஒண்ணா போவட்டும்" என்றார் அவர்.

யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். அப்போது பின்னால் சுவரோரமாக நின்றிருந்த ஒருவர் பேசினார். கூலி வேலைக்காரர், பூப்பறிக்கப் போவார், பகலில் லோடு ஏற்றுவார். பெண்டாட்டி பெங்களூரில் அடுக்குமாடி வீடுகளில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒருமுறை வருவாள். ஒரே பெண், எட்டாவது. அதற்கு முந்தின வருஷம்வரை அவளோடு நடந்த பக்கத்து வீட்டுப் பெண் படித்து முடித்துவிட்டாள்.

"பெரியவங்க யாராச்சும் வந்தா எம் பொண்ணு வருவா சார். இல்லேன்னா நிறுத்திக்கறேன். தோப்புல காலங்காத்தாலயே குடிச்சிட்டு உக்காந்திருக்கானுங்க. வயசுப் பொண்ண ஒண்டியா வுட முடியாது" என்றார்.

மிரட்டலாகச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நாளைக்கு வேலைக்கு வர முடியாது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அவர் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். ஒல்லி, என் தோள் உயரம், ரெட்டை ஜடை. அப்பா பேசும்போது தரையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, ஹெச்.எம். மேசையில் அடுக்கியிருந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் இருக்கிறோம், ஒரு பெண்ணை இரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போக ஆளில்லையா என்று. "நான் வரேன். தினமும் வரேன். போதுமா?" என்றேன். என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அம்மா சத்தமாகப் பேசுகிறாளே என்று.

மொத்தம் பதினாலு பிள்ளைகள். எட்டு மணிக்கு சர்ச் வாசல் என்று முடிவு செய்தேன். போனில் தாய்மார்களுக்கென்று ஒரு குரூப் ஆரம்பித்தேன். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய மஞ்சள் துணியில் பதினாலு பட்டைகள் தைத்து, தோளில் குறுக்காகப் போட்டுவிட்டேன். வண்டிக்காரன் கண்ணில் படட்டும் என்று.

முதல் நாள் பதினாலு பேரும் வந்தார்கள். இரண்டாம் நாள் ஒன்பது. அடுத்த வாரம் ஒருநாள் ஐந்து, மறுநாள் நாலு. மற்றவர்கள் ஒன்பதரைக்கும் பத்துக்கும் ஒவ்வொருவராக ஓடுகிறார்கள் என்று ஹெச்.எம். சொன்னார். ரோட்டை ஒண்டியாகத்தான் தாண்டுகிறார்கள். அம்மாக்கள் காட்டில், எழுப்ப ஆளில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோபம் வந்தது. நாலு பிள்ளைகளோடு போய்விட்டு வந்த அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தபடியே குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"நாலு பேருக்கும் அஞ்சு பேருக்கும் காவக்காரியா வர்றதுக்கு எனக்கென்ன வேற வேலை இல்லீங்களா? பத்துப் பேருக்குக் கொறைஞ்சா நான் வர மாட்டேன். அப்படியே திரும்பி வூட்டுக்குப் போயிடுவேன். உங்க புள்ளைங்கள நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க."

எங்கள் ஊரில் யாரும் வாய்ஸ் மெசேஜைக் காதில் வைத்துக் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் ஒவ்வொரு வாசலிலும் என் குரல் சத்தமாக ஓடியிருக்கிறது. ஊரே கேட்டது, பிள்ளைகளும் கேட்டார்கள்.

இரண்டே நாளில் பதினாலு பேரும் எட்டு மணிக்கு வாசலில் நின்றார்கள். தலை வாரி, நெற்றி துலங்கி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி. அதற்கப்புறம் ஒருநாளும் பத்துக்குக் குறையவில்லை. மழை பெய்த நாளில்கூடப் பன்னிரண்டு பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாய்க்கு இருக்கிற மரியாதையைப் பார் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர், "அது சரி, ஓசூர்ல எங்க மேனேஜருக்கும் ஒரு மெசேஜ் போடேன்" என்றார்.

தாய்மார்கள் என்னைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிற்கும்போது ஒருத்தி, "எம் புள்ள இப்பல்லாம் தானா எழுந்துக்குதுங்க" என்பாள். இன்னொருத்தி, "எங்க ரெட்டைங்க ரெண்டும் அவங்களே தல வாரிக்குதுங்க, யாரும் சொல்லித்தரல" என்பாள். எட்டு வீட்டுப் பெருமையையும் நான் கேட்டேன். எல்லாம் என் மெசேஜின் புண்ணியம் என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு.

ஆனால் பெருமையெல்லாம் சர்ச் வாசல்வரைதான். நடக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு வாய் அடைத்துப்போகும். இந்தப் பிள்ளைகளை நான் கைக்குழந்தையிலிருந்து பார்க்கிறேன், ஒவ்வொருவர் இடுப்பளவும் தோளளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, ஒன்றும் தெரியாது. ஏரிக்கரையில் ஈர மண்ணைப் பார்த்து, "ராத்திரி முள்ளம்பன்னி போயிருக்குதுங்க அத்தே" என்று ஒரு ஒன்றாவது பையன் சொல்வான். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளையும் கன்னடம் பேசுகிற வீட்டுப் பிள்ளையும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு, சமாதானத்தை மட்டும் ஆளுக்கொரு பாஷையில் சொல்லிக்கொள்வார்கள். தோப்புக்குள் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே பேச்சு நின்றுவிடும். பதினாலு ஜோடிக் கால்கள் சருகில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்கூட எழுந்து, பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மெயின் ரோட்டில் முதல் நாள் நான் கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். கழுத்தில் தையல் டேப் தொங்குகிறது, கழற்ற மறந்துவிட்டேன். தக்காளிக் கூடைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒரு லாரி வந்தது. பிரேக் போட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று, எதிர்ப்பக்கம் ஒரு டவுன் பஸ். எல்லாம் நின்றன. மஞ்சள் பட்டை போட்ட பதினாலு பிள்ளைகள், சின்னவர்கள் முன்னால் பெரியவர்கள் பின்னால், ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் தேர் வருகிறபோது நிற்கிற மாதிரி நின்றார்கள்.

அந்தப் பெண் எப்போதும் கடைசியில் வருவாள். நான் முன்னால் நின்று எண்ணுவேன், அவள் பின்னாலிருந்து எண்ணுவாள். நான் பதினாலு என்றால் அவள் தலையாட்டுவாள். ஆட்டிய பிறகுதான் ரோட்டைத் தாண்டுவோம். அமைதியான பெண். சில நாள் கண் சிவந்திருக்கும். படிக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எட்டாவதோடு போதும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டதாகக் கேள்வி. ஒன்பதாவதுக்கு பஸ் ஏறி ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ்ஸுக்குத் துணைக்கு யார் போவது? வருஷம் முடிவதற்குள் அவரிடம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாளைக் கடத்தினேன்.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம். எங்கள் பக்கத்துப் பனி எலும்புக்குள் இறங்கும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு சர்ச் வாசலில் நிற்கிறேன். என் மகள் இருக்கிறாள். மளிகைக்கடைக்காரர் மகள் இருக்கிறாள். வேறு யாரும் இல்லை. எட்டேகால் ஆயிற்று. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஏறியது.

"லீவு வுட்டா உடம்பு வளைய மாட்டேங்குது இவங்களுக்கு. இன்னையோட சரி. இனி நான் வர மாட்டேன்" என்று கத்தினேன்.

கடைக்காரர் மகள் என் மகளைப் பார்த்தாள். என் மகள் செருப்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அக்காவுக்குக் காய்ச்சலும்மா. அக்கா எழுப்ப வரல, அதான் யாரும் எந்திரிக்கல" என்றாள்.

"எந்த அக்கா? யாரை எழுப்ப?"

"எட்டாவது அக்கா. அவங்கதான் எல்லாரையும் எழுப்புவாங்க. நம்ம வூட்டுக்கும் கடை வூட்டுக்கும் மட்டும் வர மாட்டாங்க, நீங்கல்லாம் வூட்ல இருக்கீங்கல்ல."

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. பெரியவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க."

இரண்டு பிள்ளைகளையும் கடையில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண் வீட்டுக்கு நடந்தேன். அப்போதும் எனக்கு முழுசாக விளங்கவில்லை. நல்ல பெண், சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்தாசை செய்கிறாள் என்ற அளவில்தான் நினைத்தேன்.

கதவு திறந்திருந்தது. அன்றைக்கு அவள் அப்பா வேலைக்குப் போகவில்லை, அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அவள் பாயில் போர்வைக்குள் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அத்தே, எத்தினி பேர் வந்திருக்காங்க?" என்றாள்.

"ரெண்டு பேர்."

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கா மணி நேரம் இருங்க அத்தே. கூட்டியாந்துடறேன். போயிடாதீங்க. ரெட்டைங்க வூட்லயும் மேட்டுக்காட்டு வூட்லயும் கூப்ட்டாவே எட்டு பேர் ஆயிடும். அப்புறம் ரெண்டு பேர்தான். பத்துப் பேர் வந்துடுவாங்க."

நான் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். உடம்பு கொதித்தது. "எதுக்குடி கண்ணு பத்துப் பேரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"பத்துப் பேருக்குக் கொறைஞ்சா நீங்க வர மாட்டீங்கல்ல அத்தே. நீங்க வரலேன்னா அப்பா என்னை வுடாது" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் கோபத்தில் எதையாவது சொல்வேன், அரை மணி நேரத்தில் மறந்துவிடுவேன். ஒருநாள் மூன்று பேர் வந்திருந்தாலும் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பேன், புலம்பிக்கொண்டே போயிருப்பேன், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. நான் சொன்ன வார்த்தையைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, தான் பள்ளிக்கூடம் போவதற்காக ஊரையே எழுப்பியிருக்கிறாள். ஆறு மாதம்.

கஞ்சிப் பாத்திரத்தோடு அப்பா நிலைப்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"மேட்டுக்காட்டு வூட்டுக்குமா போவ?" என்றார். அது ஊரைத் தாண்டி ஏற்றத்தில் தனியாக நிற்கிற வீடு.

"ஆமாம்பா."

"எத்தினி மணிக்கு?"

"நீ வேலைக்குப் போனப்புறம். நாலரைக்கு எந்திரிப்பேன். அஞ்சேகாலுக்குக் கெளம்புவேன். டார்ச் எடுத்துக்குவேன்பா."

"ஒண்டியாவா?"

அவள் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவர் கஞ்சியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பகலில் தோப்பைத் தாண்டவே ஆள் கேட்ட மனிதர். இருட்டில் தனியாகச் சுற்றியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. இனி எட்டாவதையாவது முடிக்க விடுவாரா?

நாளைக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் நடப்பேன் என்று அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. "அப்ப நாளைக்கு ஒரு நாளைக்கு நீங்க எழுப்புங்க அத்தே" என்றாள். சரி சொல்லு என்று பையிலிருந்த அளவு நோட்டை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

முதல் வீட்டுச் சாவி கோழிக் கூண்டு மேல். அங்கே பையனைத் தட்டி எழுப்பக் கூடாது, காலை எடுத்துத் தரையில் வைத்தால் குளிர்ச்சிக்குத் தானே எழுந்துகொள்வான். ரெட்டைப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் எழுப்ப வேண்டும், ஒருத்தி முந்திவிட்டால் இன்னொருத்தி நாளெல்லாம் அழுவாள். கன்னட வீட்டுச் சின்னவனை "ஏளு" என்றுதான் கூப்பிட வேண்டும், தெலுங்கு வீட்டில் "லெய்யி". எந்திரி என்றால் அது அக்கா குரல் என்று தூங்கிவிடுவார்கள், அவரவர் பாஷையில் சொன்னால் அம்மா வந்துவிட்டாள் என்று கண்ணைத் திறப்பார்கள். எட்டு வீட்டையும் ஒரு சுற்று எழுப்பிவிட்டு, மறுபடி முதல் வீட்டுக்கு வர வேண்டும், அதற்குள் அந்தப் பையன் திரும்பப் படுத்திருப்பான். மேட்டுக்காட்டில் கருப்பு நாய் ஒன்றும் செய்யாது, பேசிக்கொண்டே போனால் போதும்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாற்பத்தொரு வயதில் என் சொந்த ஊரின் அந்த நேரத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். பனியில் டார்ச் வெளிச்சம் இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. தூரத்தில் காடுகளில் சின்னச் சின்ன விளக்குகள் குனிந்தும் நிமிர்ந்தும் அசைந்துகொண்டிருந்தன, ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் ஒரு அம்மாவோ அப்பாவோ. இந்தப் பக்கம் வீடுகளில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இருட்டில் ஒரு பதிமூன்று வயதுப் பெண் இத்தனை நாள் நடந்திருக்கிறாள். மேட்டுக்காட்டு ஏற்றத்தில் கருப்பு நாய் குரைத்தபோது நான் பேசவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய்க்கு மரியாதை என்று பீற்றிய அதே வாய். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாயே பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. சாவி கூண்டு மேல் இருந்தது. காலைத் தரையில் வைத்ததும் பையன் எழுந்தான். கன்னட வீட்டில் "ஏளு" என்றேன், சின்னவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். ரெட்டைப் பிள்ளைகள் விஷயத்தில் தப்புப் பண்ணிவிட்டேன், ஒருத்தி ஓவென்று அழுதாள். ஏழு மணிக்கு நான் ஐந்து வீடுதான் முடித்திருந்தேன். முதுகு விட்டுப்போனது. ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, எப்படி முடிந்தது அவளால் என்று யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன், எனக்கு எட்டவில்லை. எட்டு வீட்டையும் எழுப்பிவிட்டு, தலை வாரிவிட்டு, தன் வீட்டுச் சோற்றையும் ஆக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல எட்டு மணிக்கு வரிசையின் கடைசியில் வந்து நின்றிருக்கிறாள். கண் சிவந்திருந்ததைப் படிப்பு என்று நினைத்தேனே.

அன்று ஒன்பது பேரோடு நடந்தேன். சாயங்காலம் குரூப்பில் இன்னொரு மெசேஜ் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். நான் போட்ட முதல் மெசேஜுக்கு மன்னிப்புக் கேட்டேன், எனக்கு அது பழக்கமில்லாத வேலை. "ஒரே ஒரு புள்ள வந்தாலும் நான் நடப்பேன்" என்றேன். பிறகு ரெட்டைப் பிள்ளைகளின் அம்மா நேரிலேயே வந்துவிட்டாள். மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தானா எழுந்துக்குதுங்கன்னு ஊரெல்லாம் சொன்னேனே டைலரக்கா" என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு அவளேதான் வழி சொன்னாள். தினமும் முறை வைத்து இரண்டு பேர் காட்டிலிருந்து ஐந்தரைக்கே திரும்பிவிடுவது, அவர்கள் பறிக்க வேண்டிய பூ வரிசையை மற்றவர்கள் சேர்த்துப் பறித்துவிடுவது என்று. அடுத்த வாரத்திலிருந்து அப்படித்தான் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

காய்ச்சல் விட்டு ஆறாம் நாள் அந்தப் பெண் வரிசைக்கு வந்தாள். அப்பா அனுப்பிவிட்டார், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாவது பற்றி இரண்டு தடவை பேச்செடுத்தேன். "பாக்கலாங்க" என்றார். எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் பாக்கலாங்க என்றால் இல்லை என்று அர்த்தம்.

முழுப் பரீட்சை முடிந்தது. மே மாதம் ஒரு சாயங்காலம், அப்பாவும் பெண்ணும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய துணி. எட்டாவது முடித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு அப்பன் புதுத் துணியோடு வந்தால் அது என்னவாக இருக்கும்? பட்டுப் பாவாடைத் துணியாக இருந்தால் அந்த இடத்திலேயே சண்டை போட்டுவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

ஹைஸ்கூல் யூனிஃபார்ம் துணி.

அவளைப் பார்த்தேன். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல யாரு துணைக்குப் போறாங்கண்ணா?" என்று கேட்டேன்.

"யாரும் வேணாங்க" என்றார். என் மெஷினின் சக்கரத்தை ஒருதடவை கையால் சுற்றிவிட்டார். "பகல்ல தோப்பத் தாண்ட இவளுக்கு ஆளு வேணும்னு நாந்தான அத்தினி பேர் முன்னாடி நின்னு சொன்னேன். அந்த ஆளு வரணும்னுதான் இவ ஆறு மாசம் இருட்டுல ஒண்டியா எட்டு வூடு சுத்தியிருக்கா. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இவளுக்குத் துணைக்கு ஆளு கேக்கறதுங்க?"

நான் அவள் தோளுக்கு டேப்பை வைத்தேன். ஜனவரியில் பிடித்த தோளைவிட இரண்டு விரல் அகலமாகியிருந்தது.

"மடிப்பு நெறைய வுட்டுத் தைங்க டைலரக்கா. பன்னெண்டாவது வரைக்கும் போட்டாவணும்" என்றார் அவர்.

"பதினொண்ணாவதுக்கு வேற கலருண்ணா."

"அப்படீங்களா" என்றார். ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப அதையும் நீங்களே தைச்சுக் குடுத்துடுங்க."